ஒரு ரோலர் கோஸ்டர் ஏன் சிரிக்க வைக்கிறது, இன்னொன்று ஏன் கழுத்தை நோகடிக்கிறது?

"உயரமும் வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒரு ரோலர் கோஸ்டரிலிருந்து இறங்கியதும் மறுபடியும் வரிசையில் போய் நிற்கத் தோன்றுகிறது. இன்னொன்றிலிருந்து கழுத்தைத் தடவிக்கொண்டே இறங்குகிறேன். வடிவமைப்பில் வித்தியாசம் எங்கே இருக்கிறது? எந்த இருக்கையில் உட்காருவது நல்லது?" என்பது கேள்வி.

பலகையில் பெரிதாக எழுதி வைத்திருக்கும் அந்த இரண்டு எண்களையும் முதலில் மறந்துவிடுங்கள். உயரமும் உச்ச வேகமும் டிக்கெட் விற்க உதவும். சவாரி எப்படி இருக்கும் என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. வேகத்தை உடம்பு உணர்வதே இல்லை. மணிக்கு 900 கிலோமீட்டரில் பறக்கும் விமானத்தில் குவளைத் தண்ணீர் ததும்பாமல் இருக்கிறது, பக்கத்து இருக்கைக்காரர் குறட்டை விடுகிறார். உடம்புக்குத் தெரிவதெல்லாம் மாற்றம் ஒன்றுதான்: வேகம் கூடுவது, குறைவது, திசை திரும்புவது. உட்செவியில் உள்ள சிறு உறுப்பும், இருக்கையில் அழுந்தும் தொடையும், வயிற்றுக்குள் சற்றுத் தளர்வாகவே இருக்கும் குடலும் இந்த மாற்றத்தைத்தான் அளந்து மூளைக்குச் சொல்கின்றன. தண்டவாளத்தின் ஒவ்வொரு வளைவையும் வரையும்போது, எந்த நொடியில் எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு விசை உங்கள்மேல் விழ வேண்டும் என்பதையே வடிவமைப்பாளர் வரைந்துகொண்டிருக்கிறார்.

கண்ணை ஏமாற்றினால் எண்களுக்கு இன்னும் மதிப்புக் குறையும். ஃபுளோரிடாவின் டிஸ்னி பூங்காவில் இருக்கும் ஸ்பேஸ் மவுண்டன் மணிக்கு 45 கிலோமீட்டர் அளவில்தான் ஓடுகிறது. நகரச் சாலையில் பஸ் போகும் வேகம்! ஆனால் கும்மிருட்டில், அடுத்த திருப்பம் இடமா வலமா என்று தெரியாமல் போவதால், ஏறியவர்கள் அதைப்போல் இரண்டு மடங்கு வேகம் என்று சத்தியம் செய்வார்கள்.

பழைய முறை ரோலர் கோஸ்டருக்கு எஞ்சின் கிடையாது. ஒரு சங்கிலி ரயிலை முதல் மேட்டின் உச்சிக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும். அதற்கப்புறம் எல்லாம் ஈர்ப்பு விசையின் வேலை. 50 மீட்டர் இறங்கினால், உராய்வை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், அடியில் நொடிக்கு 31 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 113 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். கையில் இருக்கும் மூலதனம் அவ்வளவுதான். பிறகு வரும் ஒவ்வொரு மேடும் திருப்பமும் அந்த முதலிலிருந்து செலவு. காற்றும் சக்கர உராய்வும் வழியெல்லாம் வட்டி பிடுங்கிக்கொண்டே இருக்கும். இரண்டாவது மேடு முதலாவதைவிட உயரமாக இருக்க முடியாததற்குக் காரணம் இதுவே. ஒரே மூலதனத்தை ஒருவர் எப்படிச் செலவழிக்கிறார், இன்னொருவர் எப்படிச் செலவழிக்கிறார் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் உணரும் எடை 1 ஜி. பள்ளத்தின் அடியில் ரயில் மேல்நோக்கி வளையும்போது 3 ஜி என்றால், 60 கிலோ ஆள் 180 கிலோ ஆளைப்போல இருக்கையில் அழுந்துவார். 0 ஜி என்றால் எடையே இல்லை. அதற்கும் கீழே போனால் இருக்கை உங்களைத் தாங்குவதை விட்டுவிடும். மடிமேல் இருக்கும் கம்பிதான் உங்களைப் பெட்டிக்குள் பிடித்து வைத்திருக்கும்.

ஊஞ்சலை வேகமாக ஆட்டும்போது, முன்னால் உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்று திரும்பும் இடத்தில் அடிவயிற்றில் ஒரு கூச்சம் வருமே, அதைத்தான் ரோலர் கோஸ்டர் மேடுகள் நீட்டித் தருகின்றன. இதற்கு ஏர்டைம் என்று பெயர். ஒரு கல்லைச் சாய்வாக மேலே எறிந்தால் அது காற்றில் ஒரு வளைகோட்டில் போய் விழும். மேட்டின் வடிவம் சரியாக அந்த வளைகோடாகவே இருந்தால், பெட்டியும் நீங்களும் சேர்ந்து எறியப்பட்ட கல்லைப்போல் போகிறீர்கள். தண்டவாளம் பேருக்குக் கூடவே வருகிறது. மெத்தென்று மிதப்பது போல இருக்கும். அந்த வளைகோட்டைவிட மேட்டைக் குறுக்கி, உச்சியை இன்னும் கூர்மையாக்கினால், உடம்பு மேலே போகப் பார்க்கும். தண்டவாளம் பெட்டியைக் கீழே இழுக்கும். தொடை கம்பியில் போய் இடிக்கும். ஆர்வலர்களில் ஒரு சாரார் மிதப்பதை விரும்புவார்கள், இன்னொரு சாரார் தூக்கி எறியப்படுவதை. எனக்கு முதல் வகைதான் பிடிக்கும். வயதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் அந்தக் கூர்மையான மேட்டைக் கட்ட முதலில் ஒரு சிறு சக்கரம் தேவைப்பட்டது. நிலையத்தில் ரயில் வந்து நிற்கும்போது பெட்டியின் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ஒரே தாங்கியில் மூன்று வகைச் சக்கரங்கள் தெரியும். பெரியவை தண்டவாளத்தின் மேல் ஓடி எடையைத் தாங்குகின்றன. படுத்தவாக்கில் பக்கத்தைப் பிடித்தபடி இருப்பவை திருப்பங்களில் வேலை செய்கின்றன. மூன்றாவது வகை தண்டவாளத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். பெட்டி மேலே எழும்பாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. அதற்கு முந்தைய காலத்து ரோலர் கோஸ்டர் ஒன்று இன்றும் பென்சில்வேனியாவில் இருக்கிறது. 1902-இல் கட்டிய லீப் தி டிப்ஸ். அதில் அடிச்சக்கரம் கிடையாது. ஆகவே மேடுகள் எல்லாம் தாலாட்டுவது போலத்தான் இருக்கும். கொஞ்சம் கூர்மையாக்கினாலும் பெட்டி தண்டவாளத்தை விட்டுக் கிளம்பிவிடும். மில்லரின் சக்கரம் வந்த பிறகு, 1920-களில் மேடுகள் சட்டென்று செங்குத்தாயின. 1927-இல் நியூயார்க்கின் கோனி தீவில் திறந்த சைக்ளோன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏறியவர்களைக் கேளுங்கள், தாலாட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அடுத்தது தலைகீழ் வளையம். கணக்கு பிடிக்காதவர்களும் இந்த ஒரு கணக்கை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்டவாளத்தைச் சரியான வட்டமாக வளைத்து நிறுத்தியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். உச்சியில் ரயில் கீழே விழாமல் இருக்க ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். அந்த வேகத்தின் வர்க்கம், ஆரத்தையும் ஈர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கினால் வருவது. உச்சியிலிருந்து அடிக்கு இறங்கும் உயரம் இரண்டு ஆரம். அதனால் அடியில் வேகத்தின் வர்க்கம் மேலே இருந்ததைப்போல் ஐந்து மடங்காகிறது. ஆகவே அடியில் வளைவினால் 5 ஜி, சும்மா இருந்தாலும் இருக்கிற 1 ஜி, மொத்தம் 6 ஜி. இதில் கவனிக்க வேண்டியது, விடையில் ஆரமே இல்லை என்பது. வளையத்தைச் சிறிதாகக் கட்டினாலும் 6, மலைபோலக் கட்டினாலும் 6. அதுவும் உச்சியை எட்டிப்பிடித்துத் தாண்டும் குறைந்த வேகத்திலேயே. போதாக்குறைக்கு, சமதளத்தில் வந்துகொண்டிருந்த ரயில் வட்டத்துக்குள் நுழையும் அந்தப் புள்ளியில், 1 ஜி ஒரு கண் சிமிட்டலில் 6 ஜி ஆகிறது. கழுத்து அதற்குத் தயாராக இருக்காது.

1895-இல் கோனி தீவில் ஃபிளிப் ஃபிளாப் என்ற பெயரில் அப்படியே ஒரு வட்டத்தைக் கட்டிவிட்டார்கள். கழுத்து வலிக்குப் பெயர் வாங்கிய அது சில ஆண்டுகளில் மூடப்பட்டது. 1901-இல் எட்வின் பிரஸ்காட் அதே கோனி தீவில் நீள்வட்ட வளையம் ஒன்றைக் கட்டினார். உடம்புக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் ஒரு தடவைக்கு நான்கு பேர்தான் போக முடியும் என்பதால் வியாபாரம் ஓடவில்லை. பிறகு பல பத்தாண்டுகள் வளையத்தின் பக்கமே பெரிதாக யாரும் போகவில்லை. 1976-இல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில், ஜெர்மானியர்களான அன்டன் ஷ்வார்ஸ்கோஃப் கட்ட, வெர்னர் ஸ்டெங்கல் கணக்குப் போட, ரெவல்யூஷன் திறக்கப்பட்டது. அதன் வளையம் தலைகீழாகத் தொங்கும் கண்ணீர்த்துளி வடிவம். இதன் அடிப்படை கிளாத்தாய்டு என்ற சுருள்கோடு; ரயில்பாதைப் பொறியாளர்கள் நேர்ப்பாதையை வளைவோடு இணைக்கப் பயன்படுத்தி வந்தது. அடியில், வேகம் அதிகமாக உள்ள இடத்தில், வளைவு அகலம். மேலே ஏற ஏற, வேகம் குறையக் குறைய, வளைவு இறுகிக்கொண்டே போகிறது. விசை படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்குகிறது. இன்று நீங்கள் பார்க்கும் பெரும்பாலான வளையங்கள் சரியான வட்டமாக இல்லாததற்குக் காரணம் இதுதான். படத்தை எடுத்து வைத்து ஒரு நாணயத்தை அதன்மேல் பொருத்திப் பாருங்கள், பொருந்தாது.

இங்கேதான் கழுத்து வலியின் வேர் இருக்கிறது. விசை பெரிதாக இருப்பதைவிட, விசை சட்டென்று மாறுவதுதான் உடம்பைப் படுத்துகிறது. 4 ஜி மெதுவாக ஏறினால் முகம் தொங்கும், கை கனக்கும், சிரிப்பு வரும். அதில் பாதி விசை பக்கவாட்டில் அறைந்தால் ஏச்சுதான் வரும். பக்கவாட்டு விசையைத் தாங்கக் கழுத்து படைக்கப்படவில்லை. அதனால்தான் திருப்பங்களில் தண்டவாளத்தை உள்பக்கமாகச் சாய்க்கிறார்கள். சரியாகச் சாய்த்தால், பக்கவாட்டில் இடிக்க வேண்டிய விசை முழுவதும் இருக்கைக்குள் அழுத்தும் விசையாகிவிடும்.

அந்தச் சாய்ப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. தண்டவாளத்தையே அச்சாக வைத்து ஒரு பெட்டியைப் புரட்டினால், தண்டவாளம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்கு ஒன்றரை மீட்டர் மேலே இருக்கும் உங்கள் தலை ஒரு பெரிய வில்லாக வீசப்படும். மாறாக, உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சை அச்சாக வைத்துக்கொண்டு, தண்டவாளத்தை அதைச் சுற்றி வளைத்தால், தலை கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே சுழலும். இந்த நெஞ்சு அச்சு முறை ஸ்டெங்கலின் பெயரோடு சேர்த்தே பேசப்படுவது. இப்படிக் கட்டிய ரோலர் கோஸ்டரைத் தூரத்தில் நின்று பார்த்தால், திருப்பத்துக்கு முன்னால் தண்டவாளம் தேவையில்லாமல் எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போவது போல ஒரு நெளிவு தெரியும். அந்த நெளிவு உங்கள் கழுத்துக்காகச் செய்யப்பட்டது. 1970-களிலும் 80-களிலும் கட்டிய பல திருகுசுருள் வகைகளில் இந்தக் கவனம் இல்லை. நேர்ப்பகுதியும் வளைவும் சேரும் இடங்களில் பெட்டி முட்டி முட்டிப் போகும். அப்படிப்பட்ட ஒன்றில் நான் ஏறியபோது, தோளை அணைத்துப் பிடிக்கும் சட்டத்தில் காது மாறி மாறி இடித்து, இரண்டு நாள் சிவந்தே இருந்தது. உங்கள் கழுத்தை நோகடித்ததும் இந்த வம்சமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தத் தோள் சட்டத்தைப் பற்றி இன்னும் ஒன்று. ரெவல்யூஷன் திறந்தபோது மடிக்கம்பி மட்டும்தான். வளையத்தில் விசையே ஆளை இருக்கையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பின்னாளில் அதில் தோள் சட்டம் பொருத்தினார்கள். தண்டவாளம் அதேதான், ஆனால் தலை இடிக்கிறது என்ற புகார் வந்துவிட்டது. 2016-இல் புதிய ரயில்களோடு மடிக்கம்பிக்கே திரும்பினார்கள். பயணியைத் தொடும் பகுதி எதுவோ அதுவும் சவாரியின் வடிவமைப்புதான். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

மரமா இரும்பா என்பது பெரிய சர்ச்சை. நான் சுருக்கமாகவே சொல்கிறேன். மரப்பாதையில் பலகைகளை அடுக்கடுக்காக ஒட்டவைத்து ஆணியடித்து, மேலே மெல்லிய இரும்புப் பட்டை பதித்திருப்பார்கள். முழுக் கட்டுமானமும் ரயில் போகும்போது அசைந்து கொடுக்கும், அசையத்தான் வேண்டும். அந்தக் கடகடப்பும் அதிர்வும் பலருக்குச் சவாரியின் உயிர். ஆனால் மரத்தை எல்லாத் திசையிலும் நினைத்தபடி வளைக்க முடியாது. 1959-இல் டிஸ்னிலாந்தின் மேட்டர்ஹார்ன் சவாரிக்கு ஆரோ நிறுவனம் குழாய் வடிவ இரும்புத் தண்டவாளத்தைக் கொண்டுவந்ததும்தான் முப்பரிமாண வளைவுகளுக்கு வழி பிறந்தது. இப்போது இரண்டையும் கலந்தும் கட்டுகிறார்கள். ஒஹையோவின் சீடர் பாயின்ட்டில் 1991-இல் மீன் ஸ்ட்ரீக் என்ற மரக் கோஸ்டர் திறந்தது. காலப்போக்கில் குலுக்கலுக்கே பெயர் வாங்கியது. அதன் மரச்சட்டகத்தின் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு, மேலே இரும்புத் தண்டவாளம் போட்டு, 2018-இல் ஸ்டீல் வெஞ்சன்ஸ் என்று திறந்தார்கள். மொத்தம் 27 நொடிக்கும் மேல் ஏர்டைம் என்று அறிவித்தார்கள். அதே இடம், பெரும்பாலும் அதே சட்டகம், உயரம் மட்டும் கொஞ்சம் கூடியது. ஒன்றைத் தவிர்த்தார்கள், மற்றொன்றுக்கு மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை.

கணினி வந்த பிறகும் கணக்கு தவறுவதுண்டு. வர்ஜீனியாவின் கிங்ஸ் டொமினியனில் 2010-இல் திறந்த இன்டிமிடேட்டர் 305 சுமார் 93 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, முழு வேகத்தோடு நேராக ஒரு நீண்ட இறுக்கமான திருப்பத்துக்குள் போனது. அழுத்தும் விசை சில நொடிகள் தொடர்ந்து நீடித்ததால், தலையிலிருந்து ரத்தம் கீழே இறங்கி, பலருக்குப் பார்வை சாம்பல் நிறமாக மங்கியது. உச்சமான விசையை ஒரு நொடி தாங்கும் உடம்பு, அதைவிடக் குறைந்த விசையை ஐந்து நொடி தாங்காது. பாதுகாப்பு விதிகளும் இந்த அடிப்படையில்தான் எழுதப்பட்டுள்ளன: நேரம் நீள நீள, அனுமதிக்கும் ஜி குறைந்துகொண்டே வரும். முதலில் இறக்கத்தில் பிரேக் வைத்துச் சமாளித்தார்கள். அடுத்த பருவத்துக்குள் அந்தத் திருப்பத்தையே பிரித்து, அகலமாக்கி மறுபடியும் கட்டினார்கள்.

விசையோடு சம்பந்தமே இல்லாத வேலைகளும் உண்டு. மேட்டில் ஏறும்போது கேட்கும் அந்த 'டக் டக் டக்' சங்கிலியின் ஓசை என்று பலர் நினைக்கிறார்கள். பெட்டிக்கடியில் இருக்கும் ஒரு கொக்கி பல்வரிசைமேல் ஏறி ஏறி விழும் ஓசை அது. சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னால் போகாது. பாதுகாப்புக் கருவிதான், ஆனால் அதைவிடச் சிறந்த பயமுறுத்தல் இசையை யாரும் எழுத முடியாது. ஓசையில்லாமல் இதே வேலையைச் செய்யும் ஏற்பாடுகள் இன்று உண்டு. எனக்கு அவை கொஞ்சம் ஏமாற்றம். அதேபோல், தலைக்கு மேல் உத்தரம் வந்து இடித்துவிடும் போலத் தோன்றும் இடங்கள். கையை முழுதாக உயர்த்தினாலும் எட்டாத தூரத்தை அளந்து வைத்துவிட்டு, எட்டிவிடும் போல் தோன்றும்படி அமைக்கிறார்கள்.

சங்கிலிக்குப் பதிலாக ரயிலை எடுத்த எடுப்பிலேயே எய்துவிடும் வகைகளில் அனுபவம் வேறு. அபுதாபியில் 2010-இல் திறந்த ஃபார்முலா ரோசா 5 நொடிக்குள் மணிக்கு 240 கிலோமீட்டரைத் தொட்டது; கண்ணாடி அணியாமல் ஏற்றமாட்டார்கள், ஒரு பூச்சி கண்ணில் பட்டாலும் போதும். நியூ ஜெர்சியில் 2005-இல் வந்த கிங்டா கா 139 மீட்டர் உயரம். ஆனால் ஏறி, இறங்கி, ஒரு மேட்டைத் தாண்டினால் சவாரி முடிந்தது. கையில் இருந்த முதல் முழுவதையும் ஒரே செலவில் தீர்த்துவிட்ட வடிவமைப்பு. எப்போதாவது உந்துதல் போதாமல் ரயில் உச்சியைத் தாண்டாது, அப்படியே பின்னோக்கி இறங்கி வந்து காந்தப் பிரேக்கில் நிற்கும். அந்தப் பிரேக்குக்கு மின்சாரம் வேண்டாம்: காந்தங்களுக்கிடையே உலோகத் தகடு பாய்ந்தால் அதில் எழும் மின்னோட்டமே அதைத் தடுக்கும். வேகம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பலமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் தானே தளரும். சவாரியின் முடிவில் பழைய பிரேக்குகள்போல நெற்றி முன்னிருக்கையில் மோதாததும் இதனால்தான். கிங்டா கா 2024-இல் மூடப்பட்டு, மறு ஆண்டு தகர்க்கப்பட்டது.

இனி இருக்கை. முதல் இறக்கத்தில் முன்வரிசை உச்சியைத் தாண்டும்போது ரயிலின் பெரும்பகுதி பின்னால் மேட்டில்தான் இருக்கும். அதனால் நீங்கள் மெதுவாகத் தாண்டி, கீழே இருக்கும் வெறும் வெளியைப் பார்த்தபடி தொங்கிக்கொண்டு காத்திருப்பீர்கள். கடைசி வரிசை உச்சிக்கு வரும்போது முன்பெட்டிகள் இறங்கத் தொடங்கியிருக்கும். பின்பெட்டியை விளிம்புக்கு மேல் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போய்விடும். காட்சி வேண்டுமானால் முன்னால், தூக்கியடிப்பு வேண்டுமானால் பின்னால். நடுவரிசை மேட்டு உச்சிகளை மெதுவாகக் கடக்கும், ஆனால் பள்ளங்களின் அடியை அதுதான் மிக வேகமாகக் கடக்கும். சாதுவான இடம் என்று நம்பி அங்கே உட்காருபவர்கள் அழுத்தத்தை முழுதாக வாங்கிக்கொள்வார்கள். மரக் கோஸ்டரில் சக்கர அச்சுக்கு நேர்மேலே இருக்கும் வரிசையைத் தவிர்த்து, அச்சுகளுக்கு இடைப்பட்ட வரிசையைப் பிடியுங்கள். குலுக்கல் கணிசமாகக் குறையும். தோள் சட்டம் உள்ள பழைய வகை என்றால், தலையைப் பின்னால் நன்றாகச் சாய்த்துப் பதித்துக்கொள்ளுங்கள், தளர்வாக விட்டால்தான் இடிக்கும்.

நேரமும் கணக்கில் உண்டு. காலையில் சக்கரத் தாங்கிகளில் உள்ள மசகு குளிர்ந்து கெட்டியாக இருக்கும். நாள் முழுக்க ஓடிச் சூடாகிவிட்டால் ரயில் வேகமாக ஓடும். ஆட்கள் நிறைந்த ரயில் காலி ரயிலைவிட வேகமாகப் போகும், ஏனென்றால் எடை கூடும் அளவுக்குக் காற்றின் தடை கூடுவதில்லை. குளிர்ந்த காலையில் காலியாகப் போகும் ரயிலும் கடைசி மேட்டைத் தாண்ட வேண்டும், வெயில் தாழ்ந்த மாலையில் நிரம்பிப் போகும் ரயிலும் விசை வரம்பை மீறக்கூடாது; ஒரே தண்டவாளத்தை இந்த இரண்டுக்கும் சேர்த்து வரைகிறார்கள். உங்களுக்குப் பிடித்த அந்த முதல் கோஸ்டரில் மாலை கடைசிச் சவாரிக்கு, கடைசி வரிசையில் ஏறிப் பாருங்கள்.